மெஷின் பக்கத்திலேயே நிற்கும் ஸ்லோ ஸ்பீடு கிரைண்டர்: சின்ன மோல்டிங் யூனிட்டுக்குச் சரிவருமா?

சின்னச் சின்ன பாகங்கள் வார்க்கும் யூனிட்டில், சில அச்சுகளில் ரன்னரின் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடும் வாய்க்காலில் உறைந்து, பாகத்தோடு வெளிவரும் உபரித் துண்டின்) எடை பாகத்தின் எடையையே தாண்டிவிடும். அதையெல்லாம் மூட்டை கட்டி மூலையில் போட்டால் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோடு பிபி (பாலிப்ரொப்பிலீன்) கலக்கும், எண்ணெயும் தூசியும் ஏறும். பிறகு அது யாருக்கும் உதவாத கலப்புச் சரக்கு. அதைத் தடுத்து, ரன்னரை உடனுக்குடன் அரைத்துப் புதுச் சரக்கோடு மறுபடி பயன்படுத்தத்தான் சல்லடை இல்லாத, நிமிடத்துக்கு 30 சுற்று அளவில் மெதுவாகச் சுற்றும் கிரைண்டர் ஒன்றை வாங்கி மெஷினை ஒட்டியே நிறுத்தினோம்.

எனக்கு மிகவும் பிடித்தது அது தரும் குருணைதான். ஏபிஎஸ் ரன்னரைப் போட்டுவிட்டு அடித்தட்டை இழுத்து ஒரு கை அள்ளினால், துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன. உள்ளங்கையில் பவுடர் ஒட்டுவது மிகக் குறைவு. இது சாதாரண விஷயம் இல்லை. வேகமாகச் சுற்றும் கிரைண்டரில் பவுடர் அதிகம் வரும். அது மோல்டிங் மெஷினின் பேரலில் (சரக்கை உருக்கும் உருளையில்) குருணைக்கு முன்பே உருகிக் கருகி, பாகத்தில் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். அப்படி ரிஜெக்ட் ஆனால் கழிவைக் குறைக்கப் போய்க் கழிவைக் கூட்டியதாகிவிடும். சத்தமும் குறைவு, பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசலாம்.

நைலானுக்கும் பாலிகார்பனேட்டுக்கும் இன்னொரு லாபம் உண்டு. இரண்டும் காற்றிலிருந்து ஈரம் இழுப்பவை. ரன்னர் சூடு ஆறுவதற்குள் அரைத்து உடனே மோல்டிங் மெஷினின் ஹாப்பருக்கு (சரக்கு கொட்டும் தொட்டிக்கு) திருப்பிவிட்டால் ஈரம் ஏற நேரமே இல்லை. ஆனால் கண்ணாடி இழை சேர்த்த நைலானில் கவனம் வேண்டும்: அரைக்க அரைக்க இழை குட்டையாகிப் பாகம் வலு இழக்கும், கிரைண்டரின் பற்களும் சீக்கிரம் தேயும்.

குறை என்றால், விற்றவர் 'எதைப் போட்டாலும் அரைக்கும்' என்றார். அரைக்கவில்லை. ரப்பர் போன்ற டிபிஇ ரன்னர் நீள நீள நாராக வந்து கிரைண்டரின் ஹாப்பர் வாயை அடைத்தது. மெல்லிய பிபியும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த வகை கிரைண்டர் கெட்டியான, நொறுங்கும் பிளாஸ்டிக்குக்கு உரியது. மெத்தென்ற சரக்குதான் அதிகம் என்றால் சல்லடை வைத்ததை வாங்குங்கள்.

கலர் மாற்றும்போது சுத்தம் செய்வதும் பொறுமையைச் சோதிக்கும். பல்லிடுக்கில் ஒரு கறுப்புத் துண்டு தங்கினாலும் அடுத்து ஓடும் வெள்ளைப் பாகத்தில் தெரியும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, பிரஷ்ஷும் வாக்குவமும் வைத்து எடுங்கள். ஏர் கன் வேண்டாம். அது குருணையைத் தரையெங்கும் சிதறடிக்கும், அங்கிருந்து மழைநீர் வடிகாலுக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது.

அரைத்ததை எவ்வளவு கலக்கலாம் என்பது பாகத்தைப் பொறுத்தது. யூஎல் (பொருள்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க நிறுவனம்) அங்கீகாரமுள்ள சரக்கு என்றால், பொதுவாக அதே கிரேடு புதுச் சரக்கோடு எடையில் 25% வரை தனிச் சோதனை இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் போவதானால் சோதித்தே ஆக வேண்டும்.

கெட்டியான சரக்கில் ஒன்றிரண்டு கலர் மட்டும் ஓட்டும் யூனிட்டுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் ரன்னரையே ஒரு பை எடுத்துப் போய், அவர்கள் மெஷினில் உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.