மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜா, சோலார் ஃபிரிட்ஜா?

மின்சாரம் எட்டாத ஆப்பிரிக்கக் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பல காலம் அந்த வேலையைச் செய்தது மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ். சுடரின் சூட்டைக் கொண்டுதான் அது குளிரை உண்டாக்கும். வாங்கும்போது விலை குறைவு, சரி. ஆனால் தினமும் எண்ணெய் ஊற்ற வேண்டும், திரியை ஒழுங்காக வெட்டிவிட வேண்டும், சுடர் நீலமாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சளானால் புகைக்கரி அடைத்துக் குளிர்ச்சி குறையும். சுடரைக் கூட்டினாலோ மருந்து உறைந்துவிடும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான், குப்பைக்குத்தான் போகும். எண்ணெய் வண்டி வராத வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து வந்த பேட்டரி வைத்த சோலார் ஃபிரிட்ஜ்களில் சில ஆண்டுகளிலேயே பேட்டரி செத்துப்போகும். மாற்றப் பணம் இருக்காது.

இப்போதைய நேரடி சோலார் ஃபிரிட்ஜில் அந்தப் பெரிய பேட்டரியே கிடையாது. வெயிலில் பெரும்பாலும் பனிக்கட்டியை உறையவைத்து, அந்தக் குளிரில் இரவைக் கடத்துகிறது. வெயில் மங்கினாலும் குறைந்தது 3 நாள் தாங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி.

விலையும் பொருத்தும் செலவும் அதிகம்தான். ஆனால் டெண்டரில் முதல் விலையை மட்டும் பார்ப்பவர்கள், பத்து வருட மண்ணெண்ணெய்க் கணக்கையும் அதே தாளில் எழுதட்டும். என் ஓட்டு சோலாருக்கே, பேனலைத் துடைக்க ஓர் ஆளை நியமித்தால்.