யாழ்ப்பாணத்துக் கிணறும் நைத்திரேற்றும்: ஆர்ஓ, பிசின் தாங்கி – நீண்டகாலப் பாவனை அனுபவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துத் தோட்டக்கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று கூடியிருந்தாலும் நிறம் மாறாது, மணம் வராது, ருசியிலும் குறை தெரியாது. அதனால் அதை நீக்கவென்று வாங்கிப் பூட்டிய கருவி வேலை செய்கிறதா என்று தெரியாமலே பல வீடுகளில் வருடங்கள் ஓடிவிடுகின்றன. பூட்ட வந்தவர் ரிடிஎஸ் மீற்றரைக் கோப்பைக்குள் வைத்து 40 என்று காட்டுவார், எல்லோருக்கும் திருப்தி. அந்த மீற்றர் கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் மின்கடத்தலைக் கொண்டு மதிப்பிடுகிறது. அதில் நைத்திரேற்று எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

சமையலறை ஆர்ஓ (மெம்பிரேன் என்ற நுண்சவ்வு வழியே தண்ணீரை அமுக்கத்தில் தள்ளி உப்புகளைத் தடுக்கும் கருவி), வீடு முழுவதற்குமான அயன் பரிமாற்றப் பிசின் தாங்கி இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் ஒன்று உறுதியாகிறது. வீட்டுக்கு ஆர்ஓ போதும், ஆனால் நைத்திரேற்றையே நேரடியாக அளந்துகொண்டு ஓட்டினால் மட்டும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான். குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பித்தான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம், மாட்டெரு, மலசலகூடக் குழி எல்லாமே கடைசியில் அந்தக் கல்லுக்குள்தான் இறங்குகின்றன. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் இத்தனை அடி விட்டால் சரி என்ற கணக்கு மணல் நிலத்தில் ஓரளவு உதவும். வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் வடிகட்டப்படாமலே ஓடுவதால் அந்தக் கணக்கை முழுதாக நம்ப முடியாது. கிணற்றை இன்னும் ஆழமாக்கலாம் என்பவர்களுக்கு: நன்னீர் கடல்நீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. ஆழப் போனால் சவர்த் தண்ணீர்தான் வரும்.

குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். இலங்கைத் தரமும் அதுவே, இந்தியத் தரம் 45. இந்த அளவு முக்கியமாக ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை வைத்துப் போடப்பட்டது. கிணற்று நைத்திரேற்றால் குழந்தைகள் நீலம் பாரிப்பதை 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் இருந்து ஹண்டர் கோம்லி என்ற மருத்துவர் முதலில் எழுதினார்.

பணத்தை வீணாக்கும் வழிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். மண் வடிகட்டி, கரி வடிகட்டி, யூவி விளக்கு, குளோரின் எதுவும் நைத்திரேற்றைத் தொடாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தில் வாங்கிய கரி வடிகட்டியும் இதற்கு உதவாது. கல்சியத்தை எடுக்கும் சாதாரண மென்னீராக்கியும் அப்படித்தான். கொதிக்க வைப்பது நிலைமையைக் கெடுக்கும்: 60 மில்லிகிராம் உள்ள இரண்டு லீற்றர் தண்ணீர் வற்றி ஒன்றரை லீற்றர் ஆனால், அது 80.

அளப்பது

அலகில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சில ஆய்வுகூட அறிக்கைகளும் சோதனைத் தாள்களும் நைத்திரேற்றாகச் சொல்லாமல் அதிலுள்ள நைதரசனாகச் சொல்லும். நைதரசனாக 11.3 என்றால் நைத்திரேற்றாக 50. பெருக்கும் எண் 4.43. "20தானே, 50க்குள் இருக்கிறது" என்று விட்ட அறிக்கை நைதரசன் கணக்கில் இருந்தால் உண்மையில் அது ஏறக்குறைய 89.

வீட்டுச் சோதனைக்கு, மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் இருபோத்தல் சோதனைப் பெட்டி தாளை விட நல்லது. அதன் இரண்டாவது போத்தலின் அடியில் துகள் படிந்திருக்கும். அரை நிமிடம் நன்றாகக் குலுக்காமல் சொட்டு விட்டால் 80 உள்ள தண்ணீரும் 10 காட்டும். சொட்டு விட்ட பிறகு சோதனைக் குழாயையும் ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீருக்கு நிறம் கடும் சிவப்பாகிப் படி பிரிக்க முடியாவிட்டால், ஒரு பங்கு கிணற்று நீருக்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள். பெட்டி சரியா என்று பார்க்க வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு தடவை செய்யுங்கள். பூச்சியம் வராவிட்டால் பெட்டி பழசு.

வருடத்தில் ஒரு தடவையாவது ஆய்வுகூட அறிக்கை எடுக்க வேண்டும். சுத்தமான போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்து அன்றைக்கே கொடுப்பது நல்லது. மாரி மழை மண்ணைக் கழுவி இறக்கும் காலமென்பதால் தை மாதத்து அளவை ஆவணி அளவு சொல்லாது. இரண்டு பருவத்திலும் பார்த்து, கூடியதையே உங்கள் கிணற்றின் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்ஓ: எங்கே வழுக்குகிறது

நைத்திரேற்று தோல் வழியே குறிப்பிடும்படி உள்ளே போவதில்லை. ஆகவே குடிக்க, சமைக்க, தேத்தண்ணீர் போட உள்ள தண்ணீரைச் சுத்தமாக்கினால் போதும். ஐந்து பேர் வீட்டுக்கு நாளைக்கு 15 லீற்றர். சோறும் கஞ்சியும் தண்ணீரை உறிஞ்சுவதால் சமையலையும் இதற்குள் சேர்த்தே ஆக வேண்டும்.

வழக்கமான அமைப்பு: 5 மைக்ரோன் பஞ்சு வடிகட்டி, கரி வடிகட்டி, 24 வோல்ற் பம், நாளைக்கு 80 கலன் மெம்பிரேன், கழிவுப் பக்கத்தில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னக் குழாய், கடைசியில் தாங்கி. கல்சியத்தையும் சல்பேற்றையும் 95 வீதத்துக்கு மேல் தடுக்கும் மெம்பிரேன் நைத்திரேற்றை அவ்வளவு நன்றாகத் தடுக்காது. நல்ல அமுக்கத்தில் 80 முதல் 90 வீதம் என்பதே வீட்டில் எதிர்பார்க்கக்கூடியது. பம் இல்லாமல் மேல்தாங்கி அமுக்கத்தில் மட்டும் ஓட்டினால் அதுவும் கிடைக்காது. கிணற்றில் 90 இருந்து, நல்ல நிலையில் உள்ள கருவியில் 15 வந்தால் அது ஒழுங்கான வேலை. மெம்பிரேன் பழசாகும்போது ரிடிஎஸ் 40இலிருந்து 70 ஆவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அதற்குள் நைத்திரேற்று 15இலிருந்து 35 ஆகியிருக்கலாம்.

இனி, கருவியோடு வரும் "ருசி" திருகாணி. பல கருவிகளில் ரிடிஎஸ் கட்டுப்படுத்தி என்று ஒன்று இருக்கும். சுத்தமான தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று வீட்டார் சொன்னதும் பூட்டியவர் அதைத் திறந்துவிடுவார். அது செய்வது இவ்வளவுதான்: மெம்பிரேனைத் தாண்டாத கிணற்று நீரைச் சுத்தமான நீரோடு கலக்கிறது. 15 உள்ள தண்ணீரோடு 90 உள்ளதை 30 வீதம் கலந்தால் 37.5. பாதிக்குப் பாதி என்றால் 52.5, அதாவது காசு கொடுத்து வாங்கிய கருவியில் இருந்து தரத்தை மீறிய தண்ணீர். நைத்திரேற்றுக்காக ஆர்ஓ வாங்கிய வீட்டில் அந்தத் திருகாணி முழுக்க மூடியே இருக்க வேண்டும். முடிந்தால் அந்தக் குழாயையே கழற்றி அடைத்துவிடுங்கள். ருசி வேண்டுமானால் கடைசியில் கனிமத் துகள் கட்டி ஒன்று போடலாம், அது கிணற்று நீரைக் கலப்பதில்லை.

நைத்திரேற்று கூடும் விதத்திலேயே காரணம் தெரியும். பல மாதங்களாக மெல்ல ஏறினால் மெம்பிரேன் தேய்கிறது. வடிகட்டி மாற்றிய மறுநாளே ஏறினால், மெம்பிரேனின் தண்டில் உள்ள இரண்டு சின்ன ரப்பர் வளையங்களில் ஒன்று மடங்கியிருக்கும் அல்லது மெம்பிரேன் உள்ளே சரியாக உட்காரவில்லை. கழற்றி, உணவுத்தர சிலிக்கோன் கிறீஸ் தடவி, சுழற்றியபடி அழுத்தி உட்கார வையுங்கள். வாசலின் தடவினால் ரப்பர் ஊதிவிடும். தண்ணீர் முன்னையை விட வேகமாக வருகிறது, கூடவே நைத்திரேற்றும் ஏறுகிறது என்றால் மெம்பிரேனைக் குளோரின் தின்றுவிட்டது. இங்கே இது அடிக்கடி நடப்பது: வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுவார்கள், கருவியை யாரும் நிறுத்தமாட்டார்கள், பழைய கரி வடிகட்டி அதைத் தாங்காது. "இப்ப நல்லா வருது" என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டால் மணம் முழுக்கப் போகும்வரை கருவிக்கு வரும் வால்வைப் பூட்டி வையுங்கள்.

எதிர்ப்பக்கம், தண்ணீர் வர வரக் குறைந்தால் கல் படிகிறது. எங்கள் கிணறுகளின் கடினத்தன்மைக்கு இது தப்பாது. ஒரு அளவுச்சாடியை வைத்து ஒரு நிமிடத்தில் சுத்த நீரும் கழிவு நீரும் எவ்வளவு வருகின்றன என்று பாருங்கள். 150 மில்லிலீற்றருக்கு 450 என்பது நல்ல விகிதம். தண்ணீர் வீணாகிறதே என்று கழிவுக் குழாயை நெரித்து ஒன்றுக்கு ஒன்றாக்கினால் சில மாதங்களில் மெம்பிரேன் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். இந்தத் தண்ணீரில் ஒரு மெம்பிரேன் ஒன்றிலிருந்து இரண்டு வருடம் ஓடினால் நியாயமானது. பெட்டியில் மூன்று வருடம் என்று போட்டிருப்பது மென்மையான தண்ணீருக்கு.

ஓடாமல் நின்ற கருவியின் முதல் தண்ணீரில் உப்பும் நைத்திரேற்றும் கூட. நிற்கும் நேரத்தில் மெம்பிரேனின் மறுபக்கத்தில் இருந்து மெல்ல ஊறி வந்துவிடும். காலையில் முதல் வரும் கோப்பையைச் செடிக்கு ஊற்றுங்கள். கனடாவில் இருந்து ஆடி மாதம் மட்டும் வந்து திறக்கும் வீடுகளில் இது இன்னும் சிக்கல்: மாதக்கணக்கில் தேங்கிய கரி வடிகட்டிக்குள் பக்றீரியா வளர்ந்து நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும். நைத்திரைற்றுக்கு உச்ச அளவு லீற்றருக்கு வெறும் 3 மில்லிகிராம்தான். பூட்டிப் போகும்போது தாங்கியை வடித்துவிட்டு, திரும்பி வந்ததும் பஞ்சையும் கரியையும் மாற்றி, முதல் இரண்டு தாங்கித் தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள்.

பிசின் தாங்கி

குளோரைட்டைக் கொடுத்து நைத்திரேற்றைப் பிடிக்கும் பிசின் நன்றாகவே வேலை செய்யும். அமுக்கம் தேவையில்லை, வீடு முழுக்க ஓடும். ஆனால் இதற்குப் பாவிக்கும் சாதாரணப் பிசினுக்கு (வன்கார எதிரயன் வகை) நைத்திரேற்றை விடச் சல்பேற்றில் ஆசை கூட. பிசின் நிரம்பியதும் புதிதாக வரும் சல்பேற்று, பிடித்து வைத்த நைத்திரேற்றை வெளியே தள்ளும். அந்த நேரம் குழாயில் வரும் தண்ணீரில் கிணற்றை விடக் கூடுதலான நைத்திரேற்று இருக்கும். கடல்நீர் கலந்த கரையோரக் கிணறுகளில் சல்பேற்று கூட, ஆகவே நைத்திரேற்றைத் தேர்ந்து பிடிக்கும் பிசினைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம்.

9 அங்குல விட்டமும் 48 அங்குல உயரமும் உள்ள தாங்கியில் 28 லீற்றர் பிசின் போடலாம். 90 மில்லிகிராம் தண்ணீரில் ஏறக்குறைய 7,000 லீற்றர் தாங்கும். 5,000இலேயே உப்புத் தண்ணீரால் கழுவ வையுங்கள், அதுவும் நாள் கணக்கில் வேண்டாம், தண்ணீர் மீற்றர் கணக்கில். விருந்தாளிகள் வந்த வாரத்தில் நாள் கணக்கு ஏமாற்றிவிடும். ஒரு கழுவலுக்கு நாலு கிலோவுக்கு மேல் உப்பு போகும். மண் கலந்த கல்லுப்பைக் கரைத்து, தெளியவைத்து ஊற்றாவிட்டால் உப்புத் தண்ணீரை உறிஞ்சும் பகுதி அடைத்துக்கொள்ளும். கடினத் தண்ணீரில் பிசினுக்குள்ளேயே சுண்ணாம்பு படியும், அதற்கு முன்னால் ஒரு மென்னீராக்கி வேண்டும். புதுப் பிசினில் வரும் மீன் வாடை, நன்றாக அலசினால் போய்விடும்.

ஆனால் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க முடியாததற்குக் காரணம் வேறு. 5,000 லீற்றரில் பிடித்த 450 கிராம் நைத்திரேற்று கழுவிய உப்புத் தண்ணீரோடு எங்கே போகிறது? வளவுக்குள் உள்ள குழிக்குள். அங்கிருந்து சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியாக உங்கள் கிணற்றுக்கோ அயலவர் கிணற்றுக்கோ, உப்பையும் சேர்த்துக்கொண்டு. 450 கிராம் 9,000 லீற்றர் நல்ல தண்ணீரை 50க்கு ஏற்றப் போதும். கழிவைப் பவுசரில் ஏற்றி அகற்ற வசதியுள்ள விடுதிக்கோ ஆஸ்பத்திரிக்கோ இது பொருந்தும்.

ஆர்ஓவின் கழிவில் உப்பு சேர்ப்பதில்லை, உள்ளதே கொஞ்சம் செறிவாகிறது. மேலே சொன்ன விகிதத்தில் 90 உள்ள தண்ணீரின் கழிவு ஏறக்குறைய 115. ஆயிரம் லீற்றரில் 26 கிராம் நைதரசன், 56 கிராம் யூரியாவுக்குச் சமம். வாழைக்கும் தென்னைக்கும் விட்டு, அந்த அளவுக்குப் பசளையைக் குறையுங்கள். குழிக்குள் விட்டால் அது திரும்பவும் கிணற்றுக்குத்தான் வரும்.

ஆர்ஓவுக்கு உண்மையான போட்டி மழைநீர்த் தாங்கிதான். கூரையில் விழும் மழையில் நைத்திரேற்று மிகக் குறைவு. 5,000 லீற்றர் சீமெந்துத் தாங்கியை மாரியில் நிரப்பினால் நாளைக்கு 15 லீற்றர் வீதம் பதினொரு மாதம் குடிக்கலாம். முதல் மழையை வெளியே திருப்பிவிடும் குழாயும் நுளம்பு போகாத வலையும் வெளிச்சம் புகாத மூடியும் வேண்டும், குடிக்குமுன் கொதிக்க வைக்கலாம். இங்கே நைத்திரேற்று பயமில்லை. இடமும் தொடக்கச் செலவும் தாங்குமென்றால், மின்வெட்டும் மெம்பிரேனும் இல்லாத இந்த வழியையே முதலில் யோசிப்பேன்.

ஆர்ஓதான் என்றால் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை: பிரிக்காத பொதியில் ஒரு உலர் மெம்பிரேன், பஞ்சும் கரியும் இரண்டு சோடி, ரப்பர் வளையங்கள், காலாவதித் தேதி பார்த்து வாங்கிய சோதனைப் பெட்டி. மாதம் ஒரு தடவை சோதித்து, எண்ணைக் கருவியின் பக்கத்திலேயே திகதியோடு எழுதி ஒட்டுங்கள். 30ஐத் தாண்டினால் மெம்பிரேனை மாற்றுங்கள், 50 வரும்வரை காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் வீட்டில் 20 தாண்டினாலே மாற்றிவிட்டு, புது மெம்பிரேனின் அளவு தெரியும்வரை போத்தல் தண்ணீரில் கரையுங்கள்.