டாலி கணக்கும் புளூ-ரே வட்டும்

டாலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கணக்குகளை ஆண்டுக்கொருமுறை பதிந்து வைக்க, ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய 25 ஜிபி புளூ-ரே வட்டு நல்ல தேர்வு. எழுதி முடித்த கோப்பை எவரும் திருத்தவோ, ரான்சம்வேர் பூட்டிவிட்டுப் பணம் கேட்கவோ வழியில்லை. கம்பெனிகள் சட்டம், 2013 கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்வதால், 4.7 ஜிபி டிவிடிகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட இது வசதியானது.

டாலி ஈஆர்பி 9-இல் பேக்கப் கொடுத்ததும் உருவாகும் டிபிகே900.001 என்ற கோப்பு ஒவ்வொரு முறையும் அதே பெயரில் வருவதால், தேதியிட்ட ஃபோல்டரில் வைத்து எழுதுவது அவசியம். எழுதியதோடு நிறுத்தாமல், வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து இருப்புநிலைக் குறிப்பு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும் (பலர் தவிர்ப்பது இதைத்தான்).

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு டிரைவ் இல்லாததால் புளூ-ரே எழுதும் யுஎஸ்பி ரைட்டர் தனிச் செலவு. அன்றாட பேக்கப்புக்குப் புளூ-ரே வட்டு சரிப்படாது. அதற்கு ஹார்ட் டிஸ்க்தான் தோது.