நாய்க்குட்டிக்கு 85,000 ரூபாய், ஐந்தாம் நாள் செத்துப்போனது: கொழும்பில் குட்டி வாங்க நினைப்பவர்கள் படியுங்கள்

எங்கள் நாய்க்குட்டி சீனியைப் புதைத்து இன்றைக்கு மூன்றாம் நாள். வெள்ளவத்தை மாடிவீட்டில் இருக்கிற எங்களுக்குக் குழி தோண்ட இடம் ஏது? தெகிவளையில் அண்ணா வீட்டு வளவில், மாமரத்தடியில் வைத்தோம். மகள் இன்னும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இணையத்தில் கார் முதல் கதிரை வரை எல்லாம் விற்கிற ஒரு விளம்பரத் தளம். “ஒன்பது கிழமைக் கோல்டன் ரிட்ரீவர், தடுப்பூசி போட்டது, 85,000 ரூபாய்” என்று படத்தோடு கிடந்தது. போன் எடுத்த பெண் நல்ல தமிழில் கதைத்தார். தாய் நாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“தாய் குருநாகலில பண்ணையில நிக்குது அண்ணா. அவ்வளவு தூரம் ஏன் அலையிறீங்கள்? நாங்களே கொண்டுவந்து தாறம்.”

அந்த இடத்தில் நான் போனை வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். என்ன பெயர் வைக்கப்போகிறாய் என்று கேட்டார். இரவில் குட்டி அழுதால் உன் பழைய சட்டை ஒன்றைப் பக்கத்தில் போட்டுவிடு, வாசம் பிடித்துத் தூங்கிவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் நம்பிவிட்டேன். நாயை நேசிக்கிற மனுசி, ஏமாற்ற மாட்டார் என்று. அன்றைக்கே 85,000 ரூபாயையும் வங்கியில் போட்டேன்.

சனிக்கிழமை இரவு நுகேகொடையில் தெருவோரமாக ஒரு பொடியன் காரில் வந்து, மட்டைப்பெட்டியில் இருந்து தூக்கித் தந்தான். பெட்டிக்குள் இன்னும் இரண்டு குட்டிகள் அசையாமல் படுத்திருந்தன. தூக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் பின்னேரமே சத்தி. திங்கள் காலை இரத்தத்தோடு வயிற்றோட்டம். மிருக வைத்தியர் சோதித்துவிட்டு, குட்டிகளின் குடலைத் தாக்குகிற பார்வோ வைரஸ் என்றார். பல்லைப் பார்த்து, இது ஒன்பது கிழமைக் குட்டியே இல்லை, ஆறு கிழமைகூட இராது என்றார். தடுப்பூசி அட்டையில் மருந்துப் போத்தலின் ஸ்டிக்கரும் இல்லை, வைத்தியரின் முத்திரையும் இல்லை. சேலைன் ஏற்றி மூன்று நாள் போராடினோம். வைத்தியச் செலவு 32,000. வியாழன் விடியற்காலை போய்விட்டது.

அந்தப் பெண்ணுக்கு அழைத்தால், “நீங்கள் என்ன சாப்பாடு குடுத்தீங்கள்?” என்று என்னிடமே கேள்வி. அடுத்த தடவை, “உங்கட வீட்டிலதான் கிருமி.” பார்வோ தொற்றி நோய் வெளியில் தெரிய பொதுவாக மூன்றிலிருந்து ஏழு நாள் எடுக்கும் என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். வந்த மறுநாளே சத்தி எடுத்த குட்டிக்கு எங்கள் வீட்டில் எப்படித் தொற்றும்? பதில் இல்லை, வட்ஸ்அப்பில் தடை செய்துவிட்டார். தளத்துக்கு எழுதினால், விளம்பரம் போட இடம் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று இரண்டு வரி. பொலிஸில், உயிரோடு தந்தார்கள்தானே என்று கேட்டார்கள். 85,000 ரூபாய்! எனக்கு இரண்டு மாத வீட்டு வாடகை.

காசை விடுங்கள். குருநாகலில் நிற்பதாகச் சொன்ன அந்தத் தாயைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வே இல்லாமல் குட்டி போட வைத்து, முடியாமல் போனதும் எங்கே விடுவார்கள்? மரீன் டிரைவ் பக்கம் முலை தொங்கிப்போன பொமரேனியன் ஒன்று மீன்கடைக் கழிவைத் தின்று திரிகிறது. அது கட்டாக்காலியாகப் பிறந்த நாய் இல்லை. தெருநாய்கள் பெருகுவதற்குக் கருத்தடை செய்யாததுதான் பெரிய காரணம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இந்த வியாபாரத்தைக் கேட்பாரில்லாமல் விடுவதா?

இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் இருந்து ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்க முடியாது. வளர்த்தவரே, தாயோடு காட்டி விற்க வேண்டும். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்ட லூசி என்ற நாயின் பெயரால் அதை லூசி சட்டம் என்கிறார்கள். லண்டனில் இருக்கும் மச்சாள் சொல்லித்தான் எனக்கே தெரியும். இங்கே மிருகவதைக்கு இருப்பது 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதில் எழுதிய தண்டப்பணம் 100 ரூபாய். புதிய மிருக நலச் சட்டத்துக்கு 2006இலேயே நகல் எழுதினார்கள். இனவிருத்தி செய்பவருக்கு அனுமதிப்பத்திரம், தாயைக் காட்டாமல் விற்கத் தடை, இந்த இரண்டும் இருந்திருந்தால் அந்த மட்டைப்பெட்டி நுகேகொடைக்கு வந்திருக்காது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், மனம் ஓடவில்லை. தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். தெருவில் வைத்துத் தந்தால் வாங்காதீர்கள். வைத்தியரிடம் காட்டும்வரை முழுக் காசும் கொடுக்காதீர்கள். பார்வோ வந்த வீட்டில் கிருமி மாதக்கணக்கில் இருக்கும், பிளீச் போட்டுக் கழுவுங்கள், தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள்.

இன்று காலை அதே படம், அதே விளம்பரம் திரும்பவும் ஏறியிருக்கிறது. இப்போது 90,000 ரூபாய். இதே மாதிரி மட்டைப்பெட்டியில் குட்டி வாங்கியவர்கள் வேறு யாரும் இருந்தால் கீழே எழுதுங்கள். பணம் போட்ட பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது, சேர்ந்து போய் முறைப்பாடு கொடுப்போம்.