போலோ டிஎஸ்ஐயா, ஐ20 என் லைனா, அபார்த்தா? மூணுல ஒண்ணை எடுத்தவன் சொல்றேன்

போன வருஷம் ஒரு மூணு மாசம் எங்க வீட்ல இந்தப் பேச்சுதான்: மாட் பண்ண (நம்ம இஷ்டத்துக்கு பார்ட் மாத்த) எந்தக் காரை எடுக்கறது, ஃபோக்ஸ்வாகன் போலோவா, ஹூண்டாய் ஐ20 என் லைனா, ஃபியட்டோட அபார்த் புன்டோவான்னு. அப்பா "முடிஞ்சு போன மாடலுக்கு எதுக்குடா இவ்வளவு காசு"ன்னு ஒரு பக்கம், பசங்க "புதுசா என் லைன் எடு, வாரண்டியோட நிம்மதியா இரு"ன்னு இன்னொரு பக்கம், நான் மட்டும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு பழைய அபார்த் விளம்பரமா தேடிட்டு இருப்பேன். கடைசில எடுத்தது 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ, ஹைலைன் பிளஸ், மேனுவல், செகண்ட் ஹேண்ட். அதனால இந்த அலசல் நடுநிலையா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

நம்பர் எல்லாம் வேகமா முடிச்சிடலாம். போலோ 110 பிஎஸ் (குதிரை சக்தி), 175 என்எம் (டார்க், அதாவது இழுக்கிற பலம்), 6 கியர். என் லைன் 120 பிஎஸ், 172 என்எம், 2023 ஃபேஸ்லிஃப்ட்ல இருந்துதான் மூணு பெடல் இருக்கிற நெசமான மேனுவல், அதுக்கு முன்னாடி கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி. 2015ல வந்த அபார்த் புன்டோ 1.4 டி-ஜெட், 145 குதிரை, 212 என்எம், கியர் அஞ்சுதான். ஸ்டாக்ல, அதாவது கம்பெனி குடுத்தபடியே, நேர் ரோட்ல ஓடினா அபார்த் முன்னாடி மத்த ரெண்டும் நிக்காது. பாதுகாப்புக்கு என் லைன்தான், ஆறு ஏர்பேக், நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக். போலோவுக்கு ரெண்டே ஏர்பேக், பின்னாடி ட்ரம், பின் சீட்ல உயரமான ஆள் உக்காந்தா முட்டி இடிக்கும். மாருதி பலேனோ ஆர்எஸ் ஏன் லிஸ்ட்ல இல்லன்னு கேப்பீங்க. நல்ல வண்டிதான், ஆனா 102 பிஎஸ் 150 என்எம்ல ஆரம்பிக்க எனக்கு மனசு வரல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மாட் பண்ற வண்டில எதை மாத்தினாலும் அதுக்குப் பக்கத்துல இருக்கிறது ஒண்ணு சீக்கிரம் போகும். லோயரிங் ஸ்பிரிங் (வண்டியத் தாழ்த்தற ஸ்பிரிங்) போட்டா டாப் மவுண்ட், புஷ், லிங்க் ராடுன்னு சஸ்பென்ஷன் சாமான் வரிசையா சத்தம் போடும். ரீமேப் (இஞ்சின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேர மாத்தி பவர் ஏத்தறது) பண்ணா கிளட்ச்சுக்கு வேலை வரும். அதனால எது வேகம்ங்கறத விட, போன பார்ட் கோயம்புத்தூர்ல எத்தனை நாள்ல கைக்கு வரும், அதைக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச ஆள் யாரு, இந்த ரெண்டு கேள்விலதான் எனக்கு எல்லாம் முடிஞ்சுது.

போலோ 2022லயே நின்னு போச்சுன்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. ஆனா கீழ இருக்கிற சஸ்பென்ஷன் சாமான் வென்ட்டோ, அமியோ, பழைய ரேபிட்னு ஒரு குடும்பத்துக்கே பொது, அத்தனை வண்டி இன்னும் ரோட்ல ஓடுது, கம்பெனி தராட்டியும் வெளி மார்க்கெட்ல செஞ்சு விக்க ஆள் இருக்கு. அதை விடப் பெரிய விஷயம் இஞ்சின். இதே 1.0 டிஎஸ்ஐ குடும்பம்தான் 115 பிஎஸ் ட்யூன்ல விர்ச்சுஸ், டைகுன், குஷாக், ஸ்லாவியான்னு நாலு வண்டில போகுது. எல்லா பார்ட்டும் அப்படியே பொருந்தும்னு சொல்லல, நம்பர் பாத்துத்தான் வாங்கணும், ஆனா இந்த இஞ்சினத் திறந்து பாத்த மெக்கானிக் இன்னும் பத்து வருஷத்துக்கு ஊருக்குள்ள இருப்பார். கஷ்டம் பாடி சாமான்லதான், ஒரு டெயில் லேம்ப் உடைஞ்சா விலையக் கேட்டு நாமளும் உடைவோம்.

இந்த ஊர்ல மாட் பண்றதுக்கு இன்னொரு வசதி இருக்கு, லேத் பட்டறை. அலாய் மாத்தினப்ப நடந்ததச் சொல்றேன். போலோவுக்கு பிசிடி (போல்ட் ஓட்டைங்க இருக்கிற வட்டம்) 5×100, அதாவது 5 போல்ட், 100 மி.மீ. வட்டம்; வீல் உக்கார்ற ஹப்போட சென்டர் 57.1 மி.மீ. வெளில வாங்கின அலாய்க்கு நடு ஓட்டை 73.1. நடுவுல ரிங் போடணும், கடைக்காரர் அதெல்லாம் தேவையில்லன்னு அப்படியே மாட்டிக் குடுத்துட்டார். எண்பது வரைக்கும் ஒண்ணும் தெரியல, அவிநாசி ரோட்ல தொண்ணூத்தஞ்ச தாண்டினதும் ஸ்டீரிங் கையில நடுங்குது. மூணு தடவ பேலன்சிங் பண்ணியும் போகல. அப்புறம் கணபதி பக்கம் ஒரு பட்டறைல அறுபது வயசு அண்ணா ஒருத்தர், வெர்னியர் வச்சு ஹப்ப நாலு இடத்துல அளந்துட்டு, "தம்பி, சுத்தியல் தொடாம கையில அமுக்குனா உள்ள போகோணும், அப்பத்தான் அது ரிங்கு"ன்னு சொல்லி அலுமினியத்துல நாலு ரிங் கடைஞ்சு குடுத்தார். ஒரு மணி நேர வேலை. கூடவே இன்னொண்ணும் கண்டுபிடிச்சார், ஸ்டாக் போல்ட்டோட சீட் உருண்டை, வெளி அலாய்க்கு கூம்பு சீட் வேணும், அதுவரைக்கும் நான் தப்பான போல்ட்லதான் ஓட்டிட்டு இருந்திருக்கேன். நினைச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

இதே கதை அபார்த்ல நடந்திருந்தா இன்னும் கொடுமை, அதுக்கு 4×98. நம்ம ஊர் கடைல தொங்குற அலாய்ல பாதிக்கு மேல 4×100தான், என் லைனுக்கு அது அப்படியே உக்காந்திடும், ரெண்டு மில்லி வித்தியாசம்தானேன்னு அபார்த்ல இறுக்கி மாட்டினவங்களயும் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

அபார்த்த நான் மொத்தம் ரெண்டே தடவதான் ஓட்டிருக்கேன், அதனால ஆயுசு பத்தியெல்லாம் பேச எனக்கு யோக்கியதை இல்ல. ஓட்டின வரைக்கும், அந்த ஹைட்ராலிக் ஸ்டீரிங் மாதிரி மத்த ரெண்டுலயும் கிடையாது, ரோட்ல கிடக்கிற ஜல்லியக்கூட உள்ளங்கைக்குச் சொல்லும். அதோட டி-ஜெட் இஞ்சின் போர்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோல வால்வுக்கு முன்னாடியே தெளிக்கிற வகை)ங்கறதால வால்வுல கரி படியற தலைவலி கம்மி, ட்யூனுக்கும் நல்லா தாங்கும்னு வச்சிருக்கிறவங்க சத்தியம் பண்றாங்க. ஆனா எங்க கூட்டத்துல ஒரு அண்ணனோட வண்டி ஒரே ஒரு சென்சாருக்காக ஆறு வாரம் ஷெட்ல நின்னுச்சு. மனசு முழுக்க அபார்த், பர்ஸ் முழுக்க பயம். வீட்ல ரெண்டாவது வண்டி இருந்திருந்தா ஒருவேளை அதைத்தான் எடுத்திருப்பேன்.

என் லைன் விஷயம் வேற மாதிரி. இருங்காட்டுக்கோட்டைல ரேஸ் ட்ராக் இருக்கிற அதே ஊர்ல ஃபேக்டரி, பார்ட் பத்தி யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனா வாரண்டி இருக்கிற வண்டிய ரீமேப் பண்ணிட்டு இஞ்சின்ல ஏதாவது வந்தா கம்பெனி கை விரிச்சிடும், அதனால எடுத்தவன் தொடவே மாட்டேங்கறான். நண்பன் ஒருத்தன் ரெண்டு வருஷமா வச்சிருக்கான், மாத்தினது டயர் மட்டும்தான். வாரண்டியே இல்லாத என் வண்டில ஸ்டேஜ் 1 (முதல் கட்ட ரீமேப்) போட எனக்கு அந்தத் தயக்கம் வரல. ட்யூனர் குடுத்த ஷீட்ல 138 பிஎஸ்ங்கறாங்க, டைனோல (பவர் அளக்கிற மிஷின்) நான் ஏத்தல, அதனால நம்பருக்கு நான் பொறுப்பில்ல. ஆனா ஆழியார் செக்போஸ்ட் தாண்டி வால்பாறை மேட்ல மூணாவது கியர்லயே அட்டகட்டி வரைக்கும் இழுக்குது, முன்னாடி ரெண்டுக்கு இறக்கணும். ஒண்ணு மட்டும், நாலாவதுல 1,800 ஆர்பிஎம்ல முழுசா மிதிச்சா ஸ்டாக் கிளட்ச் லேசா வழுக்குது, 2,500 தாண்டின பிறகு மிதிக்கப் பழகிட்டேன்.

என் லைனுக்கு நியாயமா ஒரு பாயிண்ட் குடுத்தாகணும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல ஒரு ட்ராக் டே போனோம், 2.1 கிலோமீட்டர் ட்ராக், நாலாவது லேப்ல என் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு, அந்த என் லைன் நண்பன் பாட்டுக்கு ஓட்டிட்டே இருந்தான். எல்லாரும் "ட்ரம்மு ட்ரம்மு"ன்னு கிண்டல் பண்ணாங்க, ஆனா கழட்டிப் பாத்தா முன்னாடி ஸ்டாக் பேடும் மூணு வருஷப் பழைய ஃப்ளூயிடும்தான் காரணம். ரெண்டையும் மாத்தி, அடுத்த தடவ எட்டு லேப் தாங்குச்சு. பவர் ஏத்துறதுக்கு முன்னாடி பண்ணியிருக்க வேண்டிய வேலை, நான் தலைகீழா பண்ணேன்.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மாத்தக் கூடாதுன்னு 2019லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, பாலக்காடு பக்கம் போனா கேரளா எம்விடி (மோட்டார் வாகனத் துறை) இன்னும் கறார். சத்தம் போடற எக்ஸாஸ்ட் நான் போடல, அபராதம் ஒரு பக்கம், தெருவுல தூங்குற குழந்தைங்க இன்னொரு பக்கம். இன்சூரன்ஸ்லயும் மாத்தினதச் சொல்லாம விட்டா கிளெய்ம் அப்ப மாட்டுவோம்.

விக்கிற விலைல போலோ கெட்டி, மாட் பண்ணாத வண்டிக்குத்தான் அந்த விலை. அதனால ஸ்டாக் ஸ்பிரிங், அலாய், பழைய போல்ட் கூட எல்லாமே பரண் மேல இருக்கு, அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைப் பாத்துத் திட்டறாங்க.

எடுத்து பதினாலு மாசம், 19,000 கிலோமீட்டர். இப்ப வலது முன்பக்கம் ஸ்டீரிங் முழுசா ஒடிச்சா 'டக்'குன்னு ஒரு சத்தம், டாப் மவுண்ட்னு சந்தேகம். செவ்வாய்க்கிழமை பார்ட் வந்துரும்னு கடைல சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு பொள்ளாச்சில அந்த என் லைன்காரன் காத்திருப்பான்.