80 கிலோமீட்டருக்குப் பிறகு என்ன? பி.எம்.டபிள்யூ 3 சீரிஸில் ரன்ஃபிளாட் டயர் மாற்றும் செலவும் சிரமமும்

எஃப்30 தலைமுறை பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் வாங்கியவர்களுக்கு ரன்ஃபிளாட் டயர் பற்றி முதலில் சொல்லப்படுவது இதுதான்: பஞ்சர் ஆனாலும் நடுரோட்டில் இறங்க வேண்டாம், காற்று சுத்தமாகப் போன பிறகும் மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. ஓட்டிப் போகலாம். சொன்னபடியே நடக்கிறது, அதில் குறையில்லை. டயரின் பக்கச்சுவரான சைட்வாலில் கூடுதலாக வைத்திருக்கும் தடித்த ரப்பர், காற்று இல்லாத நேரத்தில் வண்டியின் எடையைத் தாங்கிக்கொள்கிறது. ராத்திரி நேரத்தில் குடும்பத்தோடு போகும்போது இது பெரிய பாதுகாப்பு. ஆனால் சில வருடம் ஓட்டியவர்களுக்குத் தலைவலி அந்த 80 கி.மீ. முடிந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

சென்னை - திருச்சி சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். உளுந்தூர்பேட்டை பக்கத்தில் டயர் காற்று போகிறது. திருச்சிக்கு இன்னும் 100 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. திரும்பினால் விழுப்புரம் எட்டும் தூரம்தான். ஆனால் போய் என்ன செய்வது? 225/50 ஆர் 17 அளவில் ரன்ஃபிளாட் டயரை அங்கே யாரும் கடையில் அடுக்கி வைத்திருப்பதில்லை. சென்னையிலோ கோவையிலோ ஒரு டீலரிடம் சொல்லி, ஆம்னி பஸ்ஸிலோ பார்சல் சர்வீஸிலோ போட்டு வரவழைக்க வேண்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஒரு ராத்திரி லாட்ஜ் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, வண்டியை ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றுவது.

அதனால் ரன்ஃபிளாட் வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள் 12 வோல்ட் காற்றடிக்கும் கம்ப்ரஸர். 'ஓடும் டயருக்கு எதற்குக் கம்ப்ரஸர்' என்று பலர் வாங்குவதே இல்லை. நெடுஞ்சாலைப் பஞ்சரில் பெரும்பாலானவை பட்டனில், அதாவது தரையைத் தொடும் பகுதியில், ஆணி ஏறி மெதுவாகக் காற்று இறங்குபவை. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஓரங்கட்டி, ஆணியைப் பிடுங்காமல், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை நிரப்பிவிட்டுக் கிளம்ப வேண்டும். 20, 30 கி.மீ.க்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். இப்படிச் செய்தால் டயர் ஒருபோதும் காற்றில்லாமல் ஓடுவதில்லை. உள்ளே சேதம் ஆகாது, அதைப் பஞ்சர் ஒட்டிக் காப்பாற்ற முடியும். மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு கம்ப்ரஸர், இருபதாயிரத்துக்கு மேல் போகும் டயரை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

காற்றே இல்லாமல் ஓடிய டயரின் கதை வேறு. ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்: சைட்வாலின் உட்புறம் சுற்றுவட்டமாகச் சுருக்கம் விழுந்திருக்கும், சில இடங்களில் நிறம் மாறியிருக்கும். அடியில் அழிரப்பர் துகள் மாதிரி கறுப்புத் தூள் குவிந்திருக்கும். அந்தத் தூள் உள்லைனர் ரப்பர். வளைந்து வளைந்து ஏறிய சூட்டில் உதிர்ந்தது. வெளியே பார்த்தால் டயர் புதுசு போலவே இருக்கும். இதை ஒட்டி மாட்டினால் அடுத்த வேகமான ஓட்டத்தில் சைட்வால் கிழியலாம். தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

பஞ்சர் ஒட்டலாமா என்பதில் டயர் கம்பெனிகளிடையே ஒரே கருத்து கிடையாது. நிபந்தனையோடு அனுமதிப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது என்பவர்களும் உண்டு. அனுமதிப்பவர்கள் சொல்லும் நிபந்தனைகள் ஏறக்குறைய ஒன்றுதான்: ஓட்டை பட்டன் பகுதியில் இருக்க வேண்டும், 6 மி.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும், டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கக் கூடாது, கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட வேண்டும். வெளியிலிருந்து ஸ்ட்ரிப் செருகி அனுப்பும் பஞ்சர் கடை வேலை ஊர் போய்ச் சேருவதற்கு மட்டும். ஊர் வந்ததும் கழற்றி உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

விலைக்கு வருவோம். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும் என்பதால் இவை தோராயமான கணக்குகள். 225/50 ஆர் 17 ரன்ஃபிளாட் ஒன்று சுமார் 18,000 முதல் 26,000 ரூபாய். அதே அளவில் நல்ல சாதாரண டயர் 11,000 முதல் 17,000. எம் ஸ்போர்ட் வண்டிகளில் முன்னால் 225/45 ஆர் 18, பின்னால் 255/40 ஆர் 18 என்று இரண்டு அளவு வரும். பின் டயர் மட்டும் ஒன்று 28,000-லிருந்து 40,000 வரை போகும். நான்கும் சேர்ந்து லட்சத்தைத் தாண்டிவிடும். முன் பின் அளவு வேறு என்பதால் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப்போட்டு ஆயுளைக் கூட்டவும் வழியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது கொஞ்சம் ஆறுதல். அதற்கு முந்தைய விலைப் பட்டியலைக் காட்டிப் பேரம் பேசும் கடை இருந்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

விலையைவிடப் பெரிய தொல்லை சரக்கு கிடைப்பது. 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதோடு இங்கே விற்கும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். இந்தியாவில் கொஞ்சமாகவே விற்கும் ரன்ஃபிளாட் அளவுகளுக்குத்தான் இந்த அடி பலமாக விழுந்தது. கேட்ட பிராண்டு, கேட்ட அளவு ஒரே நேரத்தில் நான்கும் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 'இரண்டு இருக்கிறது, மற்ற இரண்டு வேறு பிராண்டு' என்பார்கள். ஒரே அச்சில் இரண்டும் ஒரே பிராண்டு, ஒரே பேட்டர்ன், ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் எக்ஸ்டிரைவ் வண்டியில் நான்குமே ஒத்திருக்க வேண்டும். சுற்றளவு வித்தியாசம், முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்றுவிடும், அதன் செலவுக்கு முன்னால் டயர் செலவு ஒன்றுமே இல்லை.

சரக்கு மெதுவாக நகர்வதால் பழைய டயர் தலையில் கட்டப்படும் ஆபத்தும் இதில் அதிகம். சைட்வாலில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1825 என்றால் 2025-ஆம் வருடம் 18-ஆவது வாரம் தயாரானது. ஒரு வருடத்துக்கு மேல் பழசானதை முழு விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ரன்ஃபிளாட்தானா என்பதும் அங்கேயே தெரியும். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.எஃப்.டி. என்று போடும், மிஷெலின் இசட்.பி., கான்டினென்டல் எஸ்.எஸ்.ஆர். பி.எம்.டபிள்யூவுக்கென்று அங்கீகரிக்கப்பட்டதில் சிறு நட்சத்திரக் குறி இருக்கும். மெர்சிடிஸின் ரன்ஃபிளாட்டில் எம்.ஓ.இ. என்று இருக்கும், வெறும் எம்.ஓ. என்றிருந்தால் அது சாதாரண டயர்.

எங்கே மாட்டுவது என்பதை விலையைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சைட்வால் விறைப்பானது, சாதாரண டயர் போல வளைந்துகொடுக்காது. விறைத்த டயரை அழுத்திப் பிடிக்கும் ஹெல்பர் ஆர்ம் இல்லாத மெஷினில் இரண்டு பேர் ஏறி மிதித்து, லிவர் போட்டு நெம்பினால் மூன்றில் ஒன்று நடக்கும்: டயரின் பீட் (ரிம்மில் உட்காரும் விளிம்பு) கிழியும், ரிம் விளிம்பு சீவும், அல்லது வால்வில் சென்சார் இருந்தால் அது உடையும். பீட் கிழிந்த டயர் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்து ஏன் காற்று இறங்குகிறது என்று பஞ்சர் தேடிக்கொண்டிருப்பீர்கள். கடையில் கேட்க வேண்டியவை: ஹெல்பர் ஆர்ம் இருக்கிறதா, பீட் இரண்டிலும் டயர் பேஸ்ட் தாராளமாகப் போடுகிறார்களா, சென்சாரிலிருந்து தள்ளியே கழற்ற ஆரம்பிக்கிறார்களா. பீட் 'டப்' என்று உட்காரும்போது காற்றழுத்தம் 3.3 பார், அதாவது சுமார் 48 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி மறுபடி பேஸ்ட் போட்டுத் தொடங்க வேண்டும். கூடக் கூட அடித்துப் பார்ப்பது மாட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

பேலன்சிங்குக்கு முன்னால் ரிம்மை மெஷினில் வெறுமனே சுற்றவிட்டு உள்விளிம்பைப் பாருங்கள். விறைத்த டயர் குழியில் விழும் அடியை முழுசாக ரிம்முக்குக் கடத்துகிறது. வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும், உள்விளிம்பு நசுங்கியிருக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் சோப்புத் தண்ணீரில் குமிழ் காட்டிக்கொடுக்கும். லேசான நெளிவை நிமிர்த்தலாம். விரிசலை வெல்டிங் வைப்பதை நாங்கள் சொல்ல மாட்டோம், அந்த ரிம்மை மாற்றிவிடுவதே சரி. சைட்வாலில் வீக்கம் வந்த டயருக்கும் இதே தீர்ப்புதான், உள்ளே நூல் அறுந்துவிட்டது. பின் டயர்களின் உள்பக்க ஓரம் வெளிப்பக்கத்தைவிட வேகமாகத் தேயும், பின்சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால். நின்று பார்த்தால் பட்டன் இருப்பது போலத் தெரியும். கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் மொட்டை என்பது புரியும்.

ரன்ஃபிளாட்டில் காற்று குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. பாதிக் காற்று போனாலும் டயர் அமுங்காமல் நிற்கும். பல எஃப்30 வண்டிகளில் வால்வில் சென்சாரும் கிடையாது, ஏ.பி.எஸ். சென்சார் மூலம் சக்கரங்களின் சுழற்சி வித்தியாசத்தை வைத்தே எச்சரிக்கை வரும். நான்கிலும் ஒரே அளவாகக் காற்று இறங்கினால் அதற்குத் தெரியாது. மாதம் இரண்டு முறை, வண்டி குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

இனி எல்லோரும் கேட்பது: சாதாரண டயருக்கு மாறிவிடலாமா? வண்டி பெரும்பாலும் நகரத்துக்குள்தான் ஓடுகிறது, ராத்திரியில் தனியாக ஓட்டுபவர் வீட்டில் இருக்கிறார் என்றால் ரன்ஃபிளாட்டிலேயே இருங்கள். மாதாமாதம் மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவர்கள் மாறுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. எந்த ஊரிலும் பஞ்சர் ஒட்டலாம், எந்தப் பெரிய ஊரிலும் டயர் கிடைக்கும். குழி, வேகத்தடை, பாலத்து இணைப்புகளில் அதிர்வு நன்றாகக் குறையும். வளைவில் ஸ்டீயரிங் திருப்பிய முதல் நொடியில் கொஞ்சம் மந்தம் தெரியும், சில நாளில் பழகிவிடும். பி.எம்.டபிள்யூவின் ரன்ஃபிளாட் ரிம்மிலேயே சாதாரண டயரை மாட்டலாம்.

மாறும்போது நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு அது, இரண்டு இது என்று ஓட்டக் கூடாது. தாங்கும் எடையைக் காட்டும் லோடு எண்ணும் தாங்கும் வேகத்தைக் காட்டும் வேக எழுத்தும் பழைய டயரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. வாரன்டி காலத்தில் இருந்தால் சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பிரச்சினை ஸ்டெப்னி. வாங்கினால் 5 போல்ட் துளை, அந்தத் துளைகளின் வட்டம் 120 மி.மீ., நடுத்துளை 72.6 மி.மீ. பொருந்தும் ஸ்பேஸ் சேவராக (மெலிந்த தற்காலிக ஸ்டெப்னி) பார்த்து, முன் பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். அடுத்த தலைமுறை ஜி20-க்கு வட்டம் 112 மி.மீ., அது இதற்கு ஆகாது. டிக்கியில் அதைப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். ஜாக்கி, 17 மி.மீ. சாக்கெட், நீண்ட கைப்பிடி மூன்றும் கூடவே இருக்கட்டும்.

ரன்ஃபிளாட்டிலேயே தொடர்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு டயர் வீணானால் அச்சுக்கு இரண்டாக வாங்குவீர்கள் அல்லவா, நன்றாக இருக்கும் மற்ற டயரைப் பழைய டயர் விலைக்குக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் நிழலில் நிறுத்தி வையுங்கள். வெளியூரில் மாட்டிக்கொண்டால் வீட்டிலிருந்து அதே ராத்திரி பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லலாம்.

இன்ஷூரன்ஸை நம்பியிருப்பவர்கள் பாலிசியைத் திறந்து பாருங்கள். சாதாரண முழுப் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் கிடைக்கும், அதுவும் பாதி. டயருக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்தால் வீக்கம், வெட்டுக்குக் கிடைக்கும். சாதாரணத் தேய்மானத்துக்குக் கிடைக்காது. 18 அங்குல ரன்ஃபிளாட் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆட்-ஆன் பிரீமியம் கொடுக்கத் தகுந்தது.

மாட்டி முடித்ததும் எஃப்30-இல் சக்கர போல்ட்டை 140 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல்லுங்கள், ஏர் கன்னில் அடித்து விட்டுவிடக் கூடாது. 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். காற்று சரியான அளவில் இருக்கும்போது, எஞ்ஜின் ஓடும் நிலையில், ஐடிரைவில் (வண்டியின் திரை மெனு) வெஹிகிள் ஸ்டேட்டஸ் பகுதிக்குப் போய் டயர் எச்சரிக்கையை ரீசெட் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டி ஓடும்போதுதான் அது புது டயரின் சுழற்சியைக் கற்றுக்கொள்ளும். ரீசெட் செய்யாமல் வந்தால் பழைய கணக்கை வைத்துக்கொண்டு பொய் எச்சரிக்கை கொடுக்கும், உண்மையான பஞ்சரில் தாமதமாகக் கத்தும்.