வேலிக்கி உஸ்த்யுக் வெள்ளி டீஸ்பூன் செட்: வாங்கலாமா?

ரஷ்யப் பழைய வெள்ளிச் சாமான் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது ஃபாபெர்ஜே, ஓவ்சின்னிகோவ் மாதிரி ஜார் காலத்துப் பெரிய பட்டறைகளின் பெயர்களைத்தான். விலை எட்டாது, போலிகளும் ஏராளம். என்னைக் கேட்டால் சோவியத் காலத்தில் வேலிக்கி உஸ்த்யுக் என்ற ரஷ்ய ஊரில் செய்த டீஸ்பூன் செட்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். நான் வாங்கியது ஆறு ஸ்பூன், 875 தரம் (ஆயிரத்தில் 875 பங்கு வெள்ளி), அந்த ஊரின் செவெர்னயா செர்ன் ஆலையில் செய்தவை. குழிவின் உள்பக்கம் தங்க முலாம், காம்பிலும் குழிவின் முதுகிலும் கறுப்புச் சித்திர வேலை.

அந்தக் கறுப்பு பெயின்ட் இல்லை. வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் நான்கையும் சேர்த்து உருக்கிப் பொடியாக்கி, வெள்ளியில் செதுக்கிய கோடுகளுக்குள் நிரப்பிச் சூட்டில் இளக்கி, மேலே வழிந்ததை அரத்தால் ராவி எடுத்துவிடுவார்கள், கோட்டுக்குள் இறங்கியது மட்டும் தங்கும். வோலொக்தா பகுதியில் இருக்கும் இந்த ஊர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்குப் பேர்போனது. அப்புறம் தொழில் நசிந்து, அற்றே போய்விடும் என்ற நிலையில் மிகயீல் சிர்கோவ் என்ற முதிய கலைஞர் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், 1933இல் கூட்டுறவுப் பட்டறை உருவானது. அந்த மனிதர் இல்லாவிட்டால் இன்று இந்த ஸ்பூன்களே நம் கைக்கு வந்திருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: ஆறிலும் ஒரே இலைக்கொடிதான், ஆனால் இலை நரம்பு வளைகிற இடம் ஒன்றுக்கொன்று லேசாக மாறுகிறது, ஒரு ஸ்பூனில் கொடியின் நுனி விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. இதற்காகவே இந்த செட்டை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

முத்திரையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 1958க்குப் பிறகு வந்த சோவியத் வெள்ளியில் நட்சத்திரம், அதற்குள் அரிவாள் சுத்தியல், பக்கத்தில் 875 மாதிரி தர எண் இருக்கும். அதற்கு முன்னால் 1927 முதல் சுத்தியலோடு ஒரு தொழிலாளியின் தலை. ஜார் காலத்துச் சாமானில் 84 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அப்போது சுத்த வெள்ளிக்கு 96 ஸலோத்னிக் (பழைய ரஷ்ய எடை அளவு) கணக்கு, ஆக 84உம் 875உம் ஒரே தரம்தான். 1899க்குப் பிறகு வந்ததில் கூடவே தலையணி போட்ட பெண்ணின் முகம் இருக்கும், 1908 வரை இடப்பக்கம் பார்க்கும், அதன் பிறகு வலப்பக்கம். இந்தப் பெண் முகத்தைத்தான் புதுச் சாமானில் அடித்துப் பழசு என்று விற்கிறார்கள். சோவியத் ஸ்பூனைப் போலி செய்து பெரிதாக லாபம் பார்க்க முடியாது, அதனாலேயே புதிதாகச் சேர்ப்பவருக்கு இது பாதுகாப்பு. ரஷ்ய ரயில்களில் டீ கொடுக்கும், கொல்சுகினோ ஆலையில் செய்த டம்ளர் தாங்கிகளும் அழகுதான், ஆனால் பெரும்பாலும் அவை கலப்பு உலோகம், வெள்ளி விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

குறையும் உண்டு. என் செட்டில் ஒரு ஸ்பூனின் கறுப்பு சாம்பல் நிறமாக வெளிறிக் கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கியிருக்க வேண்டும், விற்றவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை, படத்திலும் அந்த ஸ்பூனை முகம் தெரியாமல் அடியில் வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முன், பின் இரண்டு பக்கமும் தனித்தனிப் படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். நீங்களும் அலுமினியத் தாள், சோடா வைத்தியம் எதுவும் செய்யாதீர்கள். கறுத்துப்போன வெள்ளியின் மேல் படிவது எப்படி சல்ஃபைடோ (கந்தகம் சேர்ந்த பொருள்), இந்தச் சித்திரமும் சல்ஃபைடுதான், அழுக்கோடு சித்திரமும் போய்விடும். மென்மையான சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, அவ்வளவு போதும்.

தினசரி உபயோகத்துக்கு இதைச் சொல்ல மாட்டேன். கறுப்பில் ஈயம் இருக்கிறது, ஸ்பூனின் முதுகு வாயில் படும், முலாமும் சீக்கிரம் தேயும். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்க, விருந்தாளிக்கு எடுத்துக் காட்ட என்றால் ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன், அந்த அரை குறைந்தது வெளிறிய ஸ்பூனால்தான்.